எந்தக் கையில போட்டாங்க?

ஊசி போட்டுக்கிட்டாத்தான் பேத்தியைப் பாக்கலாம்னு பெத்த மகளே சொன்னா உங்களுக்கு எப்படி இருக்கும் தம்பி? நாய் கடிச்சதுக்குப் போடுத ஊசி இல்ல. காய்ச்சல் வராம இருக்கதுக்கு ஊசியாம். ஃப்ளூ ஊசின்னு பேரு. காய்ச்சலே இல்லாத மனுசனுக்கு எதுக்கு ஊசி? நீங்க பதில் சொல்லாண்டாம். சும்மா கேட்டேன். மதுரைக்குத்தான போறீங்க? நானும் மதுரையில இறங்கி சங்கரன்கோவில் வண்டியைப் பிடிக்கணும்.

ஜன்னலை வேணும்னா சாத்திக்கிடுங்க. காத்து என்னை ஒண்ணும் செய்யாது. முப்பது வருசத்துக்கு மேல கவர்மென்ட் பஸ் ஓட்டினவன் நான். எங்க டெப்போவுல போய் பேச்சிமுத்து டிரைவர்னு கேட்டுப் பாருங்க, இன்னைக்கும் சொல்லுவான். சர்வீஸ்ல ஒரு ஆக்சிடென்ட் கிடையாது. ஒரு ஆட்டுக்குட்டி அடிபட்டது கிடையாது. அம்பது பேரு உசுரை முதுகுக்குப் பின்னால வச்சுக்கிட்டுச் சோறு தின்னவன். என்னையப் பாத்து எம் மக, "உங்களால பிள்ளைக்கு எதுவும் ஆயிரக் கூடாதுல்லப்பா"ங்கா.

என்னால! இன்னைக்கு வரைக்கும் என்னால யாருக்கு என்ன ஆயிருக்கு?

மக பேரு கலையரசி. ஒத்தப் பிள்ளை. கோயம்புத்தூர்ல வேலைக்கு வந்தா, கூட வேலை பாத்த பையன் கிருபாகரன், அப்படியே கல்யாணம் ஆயிட்டு. நல்ல பையன், குறை சொல்லக் கூடாது. பிள்ளை எட்டு மாசம் முடியும் முன்னாலயே பொறந்துட்டு. கண்ணாடிப் பெட்டியில வச்சிருந்து, பிறவு வீட்டுக்குக் கொண்டாந்தாவ. நுரையீரல் இன்னும் பலப்படலையாம். ஆறு மாசம் ஆகாத பிள்ளைக்கு அந்த ஊசியைப் போட முடியாதாம். அதனால பிள்ளையைச் சுத்தி இருக்கவங்க போட்டுக்கிடணுமாம். போட்டு ரெண்டு வாரம் கழிச்சுத்தான் பக்கத்துல போகணுமாம். சம்பந்தியம்மா போட்டாச்சு. சம்பந்தி போட்டாச்சு. வீட்டு வேலைக்கு வார பொம்பளை வரைக்கும் போட்டாச்சு. வேலைக்கு வார பொம்பளை என் பேத்தியைத் தூக்கி வச்சுக்கிட்டு வேடிக்கை காட்டுதா. நான் சங்கரன்கோவில்ல உக்காந்து போன்ல பாக்கேன்.

இந்த டிரைவரைப் பாருங்க. வளைவுக்குள்ள வந்த பிறவு பிரேக்கை மிதிக்கான். வளைவு வாரதுக்கு முன்னாலயே வேகத்தைக் குறைக்கணும் தம்பி. வந்த பிறவு மிதிச்சா என்ன ஆவும்? இதெல்லாம் இப்ப உள்ளவனுக்கு எவன் சொல்லிக் கொடுக்கான்.

எங்க விட்டேன்? ஆங். இந்த ஊசிப் பேச்சு இன்னைக்கு நேத்து வந்தது இல்ல. அவ அம்மா இருக்கும்போதே வந்தது.

எம் பெண்டாட்டி பேரு ஆவுடையம்மா. போன மார்கழியில தவறிட்டா. அவளுக்குப் பல வருசமா இழுப்பு. சுகர் வேற. மாசா மாசம் நெஞ்சு டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போவேன், ஒரு மாசம் விட்டது கிடையாது. போன ஐப்பசி, மழை பிடிக்கதுக்கு முன்னால, அந்த டாக்டரு சொன்னாரு: "ரெண்டு பேருமே ஃப்ளூ ஊசி போட்டுக்கிடுங்க. இவங்களுக்கு வந்தா தாங்காது. நீங்க கல்யாணம் காட்சின்னு நாலு இடம் போயிட்டு வாரவரு." நான் சிரிச்சேன். டாக்டரே, நான் ஓட்டின வண்டியில இருமாத ஆளே ஏறினது கிடையாது, என்னை ஒண்ணும் தொட்டது கிடையாதுன்னேன். அவரும் சிரிச்சாரு. ஆனா, "யோசிங்க"ன்னாரு.

வீட்டுக்கு வந்து ஆவுடை கேட்டா, "போட்டுருவமா?" மழை விடட்டும்னேன். பிறவு தீபாவளி போகட்டும்னேன். தீபாவளியும் போச்சு. எங்க டெப்போவுல சுடலைக்கண்ணுன்னு ஒரு கண்டக்டர் அந்த ஊசியைப் போட்டான். மறுநாளே உடம்பு வலி, காய்ச்சல், போர்த்திட்டுப் படுத்துட்டான். காசு கொடுத்துக் காய்ச்சலை வாங்கினவனைப் பாத்தியான்னு அவகிட்டச் சொன்னேன். ஆனா ஒரு நா காலையில பாக்கேன், நல்ல சேலை கட்டி, தலைய முடிஞ்சு, வாசல்ல நிக்கா.

"எங்கட்டி கிளம்பிட்ட?"

"அந்த ஊசியைப் போட்டுட்டு வந்துருவமா? ஒரு எட்டுல வந்துரலாம்."

அன்னைக்கு எங்க ஓய்வுபெற்றோர் சங்கத்துல கூட்டம். நான் இல்லாம நடக்காது. "நீ போயிட்டு வா"ன்னேன். கேட்டுக்கிட்டீங்களா? போகாதேன்னு நான் சொல்லலை. போயிட்டு வான்னுதான் சொன்னேன். அவதான், "நீங்க போடாம நான் மட்டும் எப்படி"ன்னு சொல்லிட்டு, சேலையை மாத்திட்டு அடுப்படிக்குப் போயிட்டா. நான் தடுக்கலை தம்பி. அதை யாரும் எழுதி வைக்க மாட்டாவ.

அந்தக் கார்த்திகையில புளியங்குடியில ஒரு கல்யாணம். கூட வேலை பாத்தவன் மக கல்யாணம், போகாம இருக்க முடியுமா? மண்டபத்துல பாதிப் பேரு இருமிக்கிட்டு இருந்தான். பந்தியில எனக்குப் பக்கத்துல இருந்தவன் தும்மித் தும்மிச் சாப்பிட்டான். வந்து ரெண்டாம் நாள் எனக்குக் காய்ச்சல். காய்ச்சல்னா காய்ச்சல், ஆளை அடிச்சுப் போட்ட மாதிரி. போன்ல கலை கிடந்து கத்துதா: "அப்பா, முன்னறையில படுங்க. அம்மாவைப் பக்கத்துல வரவிடாதீங்க. துணியை வச்சு மூக்கை மூடிக்கிடுங்க." நல்லா இருக்கே கதை. எம் பெண்டாட்டி பக்கத்துல படுக்கதுக்கு மககிட்டப் பெர்மிசன் வாங்கணுமா? ஆவுடையும் கேக்கலையே. ஈரத் துணியை வச்சுத் துடைச்சா. கஞ்சியை ஆத்தி ஆத்திக் கொடுத்தா. ராவும் பகலும் தலைமாட்டுலயே கிடந்தா. அப்படி ஒரு கவனிப்பு. அந்தக் கவனிப்புலதான் எந்திரிச்சேன். ஊசி போடாமலே எந்திரிச்சுட்டேன் பாத்தீங்களா? அதைத்தான் நான் இவங்களுக்கு எல்லாம் சொல்லுதேன். எவனும் காதுல வாங்க மாட்டேங்கான்.

நான் எந்திரிச்சேன், அவ படுத்தா.

மார்கழி பொறந்துட்டு பாத்துக்கிடுங்க. பனிக்கு அவளுக்கு இழுப்பு வாரது வருசா வருசம் உள்ளதுதான். இன்ஹேலரை வச்சு உறிஞ்சிக்கிட்டே கிடந்தா. நாளைக்குச் சரியாயிரும் நாளைக்குச் சரியாயிரும்னு பாத்தோம். ஒரு நா காலையில உதடு நீலம் பாரிச்சுப் போச்சு. கார் பிடிச்சுத் திருநெல்வேலிக்குக் கொண்டு போனேன், ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு. காரை ஓட்டினவனை நம்பாம நானே வாங்கி ஓட்டினேன். என்ன வேகத்துல போனேன்னு இன்னைக்கும் எனக்குத் தெரியலை. பின் சீட்டுல அவ மூச்சு விடுத சத்தம் மட்டும் கேட்டுக்கிட்டே வந்துது. அது கேக்குத வரைக்கும் எனக்குத் தைரியமா இருந்துது.

ஒரு வாரம் இருந்தா. அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரிக்காரன் என்னமோ ஃப்ளூ, நிமோனியான்னான். அவனுக்கு எதாவது ஒரு பேரைச் சொல்லணும்லா? இழுப்புக்காரி இழுப்புல போனா. இதுல பேரு வைக்க என்ன இருக்கு? மக வந்தா, பாத்தா, அழுதா. காரியம் முடியுத வரைக்கும் கூட இருந்தா. என்னை ஒரு வார்த்தை சொல்லலை. ஒரு வார்த்தை சொல்லலைன்னா பாத்துக்கிடுங்க! அது எனக்கு அப்பவே ஒரு மாதிரியா இருந்துது. பிறவு ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை போன் பண்ணுவா. சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா. அம்மா பேச்சை எடுக்க மாட்டா. நான் எடுத்தாலும், "சரிப்பா, வேலை இருக்கு"ன்னு வச்சுருவா.

என்ன, தாராபுரம் வந்துட்டா? டீ எதுவும் குடிக்கீங்களா? வேண்டாமா? நானும் இறங்கலை. எனக்கு வயித்துல ஒண்ணும் இறங்காது இன்னைக்கு. வண்டி நின்னா பேச்சு நின்னுரும், அதான்.

சரி, இப்ப பேத்தி பொறந்துட்டு. ஊசி போட்டுட்டு வாங்கப்பான்னு சொல்லிட்டா. நானும் சும்மா இல்ல தம்பி, யோசிச்சேன். நாள் கணக்கா யோசிச்சேன். தனியாக் கிடக்கவனுக்கு வேற என்ன ஜோலி? பிள்ளை முகத்தைப் போன்ல பாக்கும்போது, போட்டா என்ன கெட்டுப் போச்சுன்னு தோணும். போனை வச்ச பிறவு, எதுக்குப் போடணும்னு தோணும். கடைசியில ஒரு நா குளிச்சு, சட்டையைப் போட்டுக்கிட்டுப் போனேன். எங்க ஊரு ஆஸ்பத்திரிதான், நாங்க மாசா மாசம் போற இடம். ஆமா, போனேன். நான் போகவே இல்லைன்னு இவங்க நினைக்காவ.

நர்சுப் பிள்ளை உள்ள கூப்பிட்டா. கைச் சட்டையைச் சுருட்டி விட்டுட்டு உக்காந்திருந்தேன். பஞ்சை வச்சுத் துடைச்சுக்கூட விட்டுட்டா. துடைக்கும்போது என் முகத்தைப் பாத்துக் கேட்டா: "நீங்க ஆவுடையம்மாக்கா வீட்டுக்காருதான? அக்கா போன வருசம் வந்து இந்த ஊசியைப் பத்திக் கேட்டுட்டுப் போனாவளே. ரெண்டு பேருக்கும் சேத்துப் போடணும், அவரைச் சரிக்கட்டிக் கூட்டிட்டு வாரேன்னு சொன்னாவ. வரவே இல்லையே. அக்கா நல்லா இருக்காவளா?"

அந்தப் பிள்ளைக்குத் தெரியாது. அது மேல தப்பில்லை.

நான் சட்டையை இறக்கி விட்டுட்டு எந்திரிச்சுட்டேன். "ஐயா, ஐயா"ன்னு வாசல் வரைக்கும் வந்தா. நான் திரும்பிப் பாக்கலை. நீங்க சொல்லுங்க தம்பி, அந்த ஊசியை நான் போட்டுக்கிட்டா என்ன அர்த்தம்? இப்பப் போடத் தெரியுதுல்ல, அப்பப் போட்டிருக்கலாம்லா, ரெண்டு பேரும் போட்டிருந்தா அவ இருந்திருப்பாள்லான்னு நாலு பேரு கேப்பான். கேக்காட்டாலும் நினைப்பான். ஊசியைப் போட்டுக்கிட்டு நானே அதுக்குக் கைநாட்டு வைக்கணுமா? என் கையில ஒரு சொட்டு மருந்து ஏறினா, அவ சாவு என் தலையில ஏறிரும். ஏறாத ஒண்ணை நான் எதுக்கு ஏத்திக்கிடணும்?

அதனால போன் பண்ணி, போட்டுட்டேன்னு சொல்லிட்டேன்.

என்ன பாக்கீங்க? பொய்தான். பேத்தியைப் பாக்கணும்லா. எனக்கு ஒண்ணும் இல்லைன்னு எனக்குத் தெரியும். கல்லு மாதிரி இருக்கேன். அவ திருப்திக்கு ஒரு வார்த்தை. நான் சொன்னதும் போன்ல அவ குரலே மாறிப் போச்சு. "நிசமாவாப்பா?"ன்னா. அவ அம்மா போன பிறவு அப்படி ஒரு குரலை நான் கேக்கலை. ரெண்டு வாரம் போகட்டும்னு பொறுத்து இருந்துட்டு நேத்து ராத்திரி வண்டி ஏறினேன். பேரு வைக்கது வரைக்கும் இருந்துட்டுப் போகலாம்னு நாலு வேட்டி சட்டை எடுத்து வச்சுக்கிட்டு வந்தேன். மேல இருக்கு பாருங்க, அந்தப் பைதான்.

காலையில மருமகன் வந்து கூட்டிட்டுப் போனாரு. குளிச்சேன், வேற வேட்டி கட்டினேன், கையைச் சோப்புப் போட்டுக் கழுவினேன். எல்லாம் அவ சொன்னபடிதான் செஞ்சேன். சேர்ல உக்கார வச்சு மடியில பிள்ளையைக் கொடுத்தா. என்ன கனம் இருக்கும்ங்கீங்க? ஒண்ணுமே இல்ல. ஒரு துண்டை மடிச்சு வச்ச மாதிரி இருந்துது. சூடு மட்டும் தெரியுது. மூச்சு விடும்போது வயிறு குழி விழுந்து குழி விழுந்து எந்திரிக்கு. எனக்கு ஸ்டியரிங் பிடிச்ச கை தம்பி, எப்படிப் பிடிக்கதுன்னே தெரியலை.

கலை கீழ தரையில உக்காந்தா, என் முழங்காலுக்குப் பக்கத்துல. சின்னப் பிள்ளையில டூட்டி முடிஞ்சு வந்தா அப்படித்தான் வந்து உக்காருவா.

"எந்தக் கையில போட்டாங்கப்பா?"

"இடது கை."

"வலிச்சுதா?"

"எறும்பு கடிச்ச மாதிரி."

அவ என் இடது கையைத் தொட்டுப் பாத்தா. சட்டைக்கு மேலதான். மெதுவா, தடவுத மாதிரி. அப்படியே அழ ஆரம்பிச்சுட்டா. சந்தோசத்துல அழுதா. "எனக்கு உங்க மேல ரொம்பக் கோவம்பா. பேசவே பிடிக்காம இருந்துது. இப்ப ஒண்ணும் இல்ல. அம்மாவை நினைச்சுத்தான போட்டீங்க? இப்பவாவது உங்களுக்குப் புரிஞ்சுதே, அது போதும்பா"ன்னா.

நான் வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கலாம். இருந்திருந்தா இந்நேரம் பிள்ளை என் மடியில இருக்கும். ஆனா புரிஞ்சுதேன்னா பாருங்க, அந்த வார்த்தை. அது என்னைச் சுட்டுட்டு.

"என்ன புரிஞ்சுது?"ன்னேன்.

"அப்பா, அதை விடுங்க இப்ப."

"இல்ல, எனக்கு என்ன புரியணும்ங்கே? உங்கம்மா ஊசி போடாமலா செத்தா? இழுப்புல செத்தா. நான் ஊசியும் போடலை ஒண்ணும் போடலை."

சத்தம் போட்டுட்டேன் போல. பிள்ளை திடுக்குன்னு முழிச்சு அழுதுட்டு.

அவ கத்தலை தம்பி. கத்தியிருந்தா நானும் ரெண்டு கத்திட்டு, சரியாப் போயிருக்கும். எந்திரிச்சா. என் மடியில இருந்து பிள்ளையை எடுத்தா. என் கை மேல அவ கை படாம எடுத்தா. உள்ள போய்க் கதவைச் சாத்திட்டா. கொஞ்ச நேரத்துல குழாயில தண்ணி ஓடுத சத்தம் கேட்டுது. பிள்ளையைத் துடைக்கா. நான் தொட்ட இடத்தை எல்லாம் துடைக்கா.

மருமகன் வந்து பக்கத்துல நின்னாரு. "மாமா, பக்கத்துலயே ஆஸ்பத்திரி இருக்குதுங்க. இப்பவே போய்ப் போட்டுட்டு வந்துரலாமுங்க. மாடியில ரூம் சும்மாதான் கெடக்குது. ரெண்டு வாரம் அங்க இருங்க, சோறு நான் கொண்டாந்து தர்றேன். அப்புறம் பாப்பாவ நீங்களே வெச்சுக்கலாமுங்க. கலைகிட்ட நான் பேசிக்கறேன்." நல்ல பையன்னு சொன்னேன்லா. என் பையைக்கூட மாடிக்குக் கொண்டு போகத் தூக்கிட்டாரு. நான்தான் கையில இருந்து வாங்கினேன். பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னேன். எந்த பஸ்ஸுக்கு? எனக்கு என்ன பஸ் இருக்கு? ஆனா அப்படித்தான் வாயில வந்துது.

வாசல்ல செருப்பை மாட்டிக்கிட்டு இருக்கேன். கலை வெளிய வந்தா. பிள்ளை கையில இல்ல. கொஞ்சம் தள்ளியே நின்னுக்கிட்டா.

"இதைச் சொல்லக் கூடாதுன்னுதான் இருந்தேன்"ன்னா. "ஆஸ்பத்திரியில அம்மா என் கையைப் பிடிச்சுக்கிட்டு என்ன சொன்னா தெரியுமா? அப்பாட்ட இருந்து ஒட்டினதுன்னு அவர்ட்டச் சொல்லிராதட்டி, மனுசன் தாங்க மாட்டாருன்னா. அதுக்காகத்தான் இத்தனை நாளும் நான் வாயைத் திறக்கலை."

பொய் தம்பி. சுத்தப் பொய். கோவத்துல சொல்லுதா. ஆவுடை வாயில குழாயைச் சொருகி வச்சிருந்தாவ. மிசின்தான் அவளுக்காக மூச்சு விட்டுது. நான் கண்ணாடி வழியா நின்னு பாத்துக்கிட்டே இருந்தேன். ஒரு வாரமும் கண்ணைத் திறக்கலை. அவ எப்படிப் பேசியிருப்பா? அதையே நான் கேட்டேன். "வாயில குழாயோட உங்கம்மா எப்படிட்டி பேசினா?"ன்னேன். அவ என்னையே பாத்துக்கிட்டு நின்னா. பிறவு உள்ள போயிட்டா. பதில் இருந்தா சொல்லியிருப்பாள்லா? இல்லாததாலதான போயிட்டா?

சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டுக்கு வந்து வண்டி ஏறி உக்காந்த பிறவுதான் எனக்கு ஞாபகம் வருது. குழாய் வைக்கதுக்கு முந்தி அவ பேசிக்கிட்டுத்தான் இருந்தா. சேத்த அன்னைக்குச் சாயங்காலம் வரைக்கும். அதுக்குள்ள கலை வந்துட்டா. வந்ததும், "நீங்க போய் ஒரு டீ குடிச்சுட்டு வாங்கப்பா, முகமே சரியில்லை"ன்னா. போனேன். எதுத்தாப்புல கடை. அங்க டெப்போ ஆளு ஒருத்தன் நின்னான். என்ன பேச்சிமுத்து, இங்க எங்கன்னான். அவன்கிட்டச் சொல்லிக்கிட்டு நின்னேன், நானே வண்டி ஓட்டிட்டு வந்தேன்னு. எந்த ரோடு, எங்க எங்க ஓவர்டேக் எடுத்தேன், எல்லாம் சொன்னேன். திரும்பி வாரதுக்குள்ள குழாயைப் போட்டுட்டாவ.

ஒரு டீ குடிக்க நேரம்தான் தம்பி. அதுக்குள்ள என்ன பேசிற முடியும்?

இல்ல, நீங்க சொல்லுங்க. நீங்க படிச்சவரு மாதிரி இருக்கீங்க. மூச்சு இழுத்துக்கிட்டுக் கிடக்க ஒருத்தி, அந்த ரெண்டு வார்த்தையைச் சொல்லி முடிக்க எவ்வளவு நேரம் ஆவும்?